ஹவுராவிலிருந்து அகர்தலா எவ்வளவு தூரம்?

ஊருக்குப் போன் போட்டால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" இரண்டாவது, "எப்ப வர்றே?" போன மாதம் இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு கேள்வி வந்தது. வேலை விஷயமாக அகர்தலா போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

"அது எங்கப்பா இருக்கு? உன் வீட்டுலேருந்து எவ்வளவு தூரம்?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் ஒழுங்கான பதில் சொல்ல வரவில்லை. விமானத்தில் போனால் சுமார் 315 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ரயிலில் போனால் 1,500 கிலோமீட்டருக்கு மேல், ஒன்றரை நாளுக்கும் அதிகம். இரண்டும் உண்மை. "பக்கம்தாம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பதிவே அதற்கான பதில்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பது ஹவுராவில். விமான நிலையம் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், டம்டமில். முன்பெல்லாம் பாலத்து நெரிசலில் மாட்டினால் டம்டம் போய்ச் சேர இரண்டு மணி நேரம்கூட ஆகும். 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோவிலேயே போக முடிகிறது. ஹவுராவில் ஏறினால் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் புகுந்து எஸ்பிளனேட், அங்கே மாறி நோவாபாரா, மறுபடி மாறி விமான நிலையம். இவ்வளவு செய்தும் வீட்டிலிருந்து விமானம் வரை ஆன நேரம், விமானத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட அதிகம்.

விமானம் ஏறியது. தண்ணீர் பாட்டில் வந்தது. ஜன்னல் வழியே கீழே பார்த்தால் நிலத்தைவிடத் தண்ணீர்தான் அதிகம். கங்கை அங்கே பத்மாவாகி, மேக்னாவோடு சேர்ந்து, கரை தெரியாமல் பரந்து கிடக்கிறது. கீழே இருப்பது இந்தியா இல்லை, பங்களாதேஷ். அது தாண்டுவதற்குள் இறங்குவதற்கான அறிவிப்பு வந்துவிட்டது. அகர்தலா ஓடுபாதையை ஒட்டியே எல்லை வேலி ஓடுகிறது.

இந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஜெட் விமானம் மேலே போனபின் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் 315 கிலோமீட்டருக்கு 24 நிமிடம் போதும். ஆனால் ஓடுபாதை வரை உருண்டு போக, மேலே ஏற, மறுபடி இறங்க, வரிசையில் நிற்க என்று நேரம் போய்விடும். குறைந்த தூரத்தில் வேகத்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது. இறக்கைவிசிறி வைத்த ஏடிஆர் போனாலும் ஏர்பஸ் போனாலும் சில நிமிடங்கள்தான் வித்தியாசம். 1950களில் பறந்த டகோட்டா மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர் போகும். அதே தூரத்துக்கு அது ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் எடுத்திருக்கும். ஆக, எழுபது வருட விஞ்ஞானம் இந்தப் பாதையில் மிச்சம் பிடித்துக் கொடுத்தது அரை மணி நேரம். இந்த அரை மணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது ஒரு பழைய கதை.

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியது. அடுத்த நாள் காலை, எதிர்த்த எஸ்.டி.டி. பூத்காரர் ஓடி வந்து கூப்பிட்டார். ஊரிலிருந்து போன். அப்பாயி தவறிவிட்டார். என்னை வளர்த்தவர் அவர்தான். நான் ஹவுராவுக்கு வேலைக்கு வந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அந்தப் பெரிய கடியாரத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சென்னை வண்டி எல்லாமே ஒடிசா கரையோரமாகத்தான் போக வேண்டும். பாதை தண்ணீரில். எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. விமானத்துக்கு விசாரித்தால், என் ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டிய கட்டணம். அதற்கும் இடம் இல்லை.

ஹவுராவிலிருந்து சென்னை ரயிலில் 1,660 கிலோமீட்டர். கோரமண்டலில் ஏறினால் மறுநாள் மாலை சென்னை. அந்த வாரம் அது எவ்வளவு தூரம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் நான் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். முகம் பார்க்கவில்லை.

திரும்பி வந்த அன்று மாடி வீட்டுப் பெரியவர் இறங்கி வந்தார். நாங்கள் அவரை மேஷோமோஷாய் என்று கூப்பிடுவோம். சித்தப்பா மாதிரி. திரிபுராக்காரர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று சொன்னார். 1960களில் அவர் கல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்தபோது அகர்தலாவிலிருந்து தந்தி வந்ததாம், அப்பா இறந்துவிட்டார் என்று. விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. ரயிலில் ஏறி, கங்கையைப் படகில் கடந்து, வடக்கே சிலிகுரிப் பக்கம் போய், கிழக்கே குவாஹாட்டி, தெற்கே மலைப்பாதையில் இறங்கி தர்மநகர், அங்கிருந்து பஸ். நாலாம் நாள் வீடு. "நீயாவது புயலால் தாமதம். எனக்கு வானம் தெளிவாகத்தான் இருந்தது" என்றார்.

அன்றைக்கு அந்த வாக்கியம் முழுசாகப் புரியவில்லை. போன மாதம் ஜன்னல் வழியே பத்மாவைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அவர் சிறுவனாக இருந்தபோது அதே பயணம் எப்படி இருந்தது தெரியுமா? கல்கத்தாவில் இரண்டு பெரிய ஸ்டேஷன்கள். மேற்கே, வடக்கே, தெற்கே போக ஹவுரா. கிழக்கு வங்காளம் போக சியால்தா. சியால்தாவில் இரவு ஏறினால் விடிகாலை கோயாலந்தோ. அங்கே பத்மாவில் ஸ்டீமர். அந்த ஸ்டீமர் ஆட்கள் சமைக்கும் காரமான கோழிக்கறியைப் பற்றி வங்காளிகள் இன்றைக்கும் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஸ்டீமர் சாந்த்பூரில் இறக்கிவிடும். அங்கிருந்து ரயிலில் குமில்லா வழியாக அகௌரா. அகர்தலாவுக்கு ஸ்டேஷன் அதுதான். ஊருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி. மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு நாள் பயணம்.

1947 ஜூலை 8-ஆம் தேதி சிரில் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வக்கீல் இந்தியாவுக்கு வந்தார். அதற்கு முன் இங்கே வந்ததே இல்லை. ஐந்து வாரத்தில் கோடு போட்டு முடித்தார். ஆகஸ்ட் 17 அன்று கோடு வெளியானது. அகௌரா ஸ்டேஷன் கோட்டுக்கு அந்தப் பக்கம். அகர்தலா அப்போது ராஜாவின் திரிபுரா. 1949 அக்டோபர் 15-ல் இந்தியாவோடு இணைந்தபோது மூன்று பக்கமும் வேறு நாடு, 856 கிலோமீட்டர் எல்லை. இந்தியாவின் மற்ற பகுதிக்குத் தரைவழி என்றால் வடகிழக்கே அசாம் போய், அங்கிருந்து சிலிகுரியில் சுமார் 20 கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு கழுத்து வழியாகச் சுற்றி வர வேண்டும்.

அந்தக் கழுத்து வழியாகக்கூட அப்போது ரயில் இல்லை. அவசரமாகப் போட்டு, 1950 ஜனவரி 26-ல் அசாம் இணைப்பு ரயில் ஓடத் தொடங்கியது. அகர்தலா வரை தண்டவாளம் வந்து சேர்ந்தது 2008-ல். அகல ரயில் பாதை வந்தது 2016-ல். இன்னொரு பக்கம், எல்லை தாண்டியும் சியால்தாவிலிருந்து கிழக்கு வங்காளத்துக்கு ஓடிக்கொண்டிருந்த ரயில்கள் 1965 போரோடு நின்றன.

இப்போது அந்த அரை மணியை எடுங்கள். விமானம் என்ற இயந்திரம் எழுபது வருடத்தில் கொடுத்தது அரை மணி. காகிதத்தில் போட்ட ஒரு கோடு மேஷோமோஷாயிடமிருந்து எடுத்துக்கொண்டது மூன்று நாள்.

இந்த இடைவெளியில் திரிபுராவைக் காப்பாற்றியது வானம்தான். அகர்தலா விமானத்தளம் 1942-ல் மகாராஜா பீர் பிக்ரம் கிஷோர் மாணிக்யா காலத்தில் கட்டப்பட்டது. உலகப்போரில் அமெரிக்க விமானங்கள் அங்கிருந்து பர்மா முனைக்குச் சரக்கு கொண்டுபோயின. போர் முடிந்தபின் மலிவாக விற்கப்பட்ட டகோட்டாக்களை வாங்கிக் கல்கத்தாவில் பல சின்னக் கம்பெனிகள் முளைத்தன. ஒடிசாவின் பிஜு பட்நாயக் 1947-ல் தொடங்கிய கலிங்கா ஏர்லைன்ஸும் அதில் ஒன்று. 1953-ல் அதையும் சேர்த்து எட்டுக் கம்பெனிகளை அரசு எடுத்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியது. கடைக்காரரின் சரக்கும் கல்யாண வீட்டாரும் ஒரே டகோட்டாவில் போன காலம் அது.

திரிபுராவுக்குள்ளேயே கைலாசஹர், கமல்பூர், கோவாய் என்று மூன்று சின்ன விமானத்தளங்கள் இருந்தன. அகர்தலாவிலிருந்து கைலாசஹர் வானத்தில் 90 கிலோமீட்டர்தான். டகோட்டாவில் இருபது நிமிடம். சாலையில் பராமுரா, அட்டாரமுரா, லோங்தராய் என்று மலைத்தொடர்களை ஏறி இறங்க வேண்டும். பகல் பொழுதில் பாதி போய்விடும். 1971 டிசம்பர் 3 இரவு, புதிதாகப் பிறந்த பங்களாதேஷ் விமானப்படையின் ஆட்டர் விமானம் ஒன்று சிட்டகாங் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கக் கிளம்பியது இந்தக் கைலாசஹரிலிருந்துதான். இப்படிப்பட்ட வடகிழக்குச் சிற்றூர்களுக்காகவே 1981-ல் வாயுதூத் தொடங்கப்பட்டது. நஷ்டத்தில் ஓடி, 1990களில் அதுவும் மறைந்தது. அதோடு கைலாசஹர் மறுபடி தூரத்து ஊராகிவிட்டது. மலை நகரவில்லை. அட்டவணையில் ஒரு வரி போனது, அவ்வளவுதான்.

"சரி, தரையில் கோடு இருக்கலாம், வானத்தில் ஏது கோடு?" என்று கேட்பீர்கள். வானத்திலும் உண்டு. 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் விதியே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேலுள்ள வானம் முழுக்கச் சொந்தம் என்பதுதான். கல்கத்தா - அகர்தலா விமானம் குறுக்கே போவது அந்த நாடு சம்மதிப்பதால். சம்மதம் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு போன 'கங்கா' என்ற இந்திய ஃபோக்கர் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. பயணிகளை விட்டுவிட்டு விமானத்தைக் கொளுத்திவிட்டார்கள். பிப்ரவரி 4-ஆம் தேதி, பாகிஸ்தான் விமானங்கள் இந்தியாவுக்கு மேல் பறக்கக் கூடாது என்று இந்தியா தடை போட்டது. அப்போது பாகிஸ்தான் இரண்டு துண்டு. கராச்சியிலிருந்து டாக்கா நேராகப் போனால் சுமார் 2,360 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். தடைக்குப் பிறகு குமரிமுனையைச் சுற்றி, கொழும்பில் இறங்கி எரிபொருள் போட்டு, வங்கக்கடல் வழியாக மேலே ஏற வேண்டும். 4,500 கிலோமீட்டருக்கு மேல், ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே நாட்டின் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு உத்தரவால் தூரம் இருமடங்கானது. அந்த வருட முடிவில் அவை ஒரே நாடாகவும் இல்லை. அந்த ஒன்பது மாதத்தில் அகர்தலாவைச் சுற்றி வந்து குவிந்த அகதிகள், திரிபுராவின் சொந்த மக்கள்தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

கொழும்பு என்றதும் நம் ஆட்களின் கதையும் ஞாபகம் வரவேண்டும். யாழ்ப்பாணம் பலாலி விமானத்தளத்திலிருந்து திருச்சி நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர். அகர்தலா தூரத்தைவிடக் குறைவு! 1947 டிசம்பர் 10-ல் ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை ரத்மலானையில் தொடங்கி, பலாலியில் இறங்கி, சென்னை வந்தது. விமானத்தின் பெயர் சீதாதேவி. அதுவும் ஒரு டகோட்டாதான். யாழ்ப்பாணத்தார் திருச்சிக்குப் பறந்து வந்து கோயில் பார்த்து, பட்டுப்புடவை எடுத்துப்போன காலம் ஒன்று இருந்தது.

பிறகு போர். பலாலி ராணுவத் தளமானது. யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வர ஒருவர் தெற்கே 400 கிலோமீட்டர் கொழும்பு போய், அங்கிருந்து விமானம் பிடித்து மறுபடி வடக்கே வரவேண்டியிருந்தது. போர்க்காலத்தில் கொழும்பு போவதே ஒரு பெரும் பயணம். 2019 அக்டோபர் 17-ல் பலாலி மறுபடி பன்னாட்டு நிலையமானது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் 30-ல் திருச்சிக்கும் நேரடி விமானம் விட்டார்கள். ஒரு மணி நேரம். இதைப் படிக்கும் ஈழத்து நண்பர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தின் கனம் என்னைவிட நன்றாகத் தெரியும். லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்துகொண்டு, பக்கத்து ஊர்ச் சாவுக்குப் பெற்றோரை அனுப்ப முடியாமல் தவித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2015-ல் கல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்குப் பஸ் விட்டார்கள். 1,600 கிலோமீட்டர் சுற்றுச்சாலை 500 ஆகச் சுருங்கியது. 2023 நவம்பர் 1-ல் அகர்தலா - அகௌரா ரயில் இணைப்பையே திறந்து வைத்தார்கள். மேஷோமோஷாய் செய்தியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அகௌராவில் ஏறணும்டா" என்றார். 2024 ஜூலையில் பங்களாதேஷில் கலவரம் வெடித்தது. இரு நாட்டுக்கும் நடுவே ஓடிய பயணிகள் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றுக்கொன்று வானத்தை மூடின. டெல்லியிலிருந்து ஐரோப்பாவும் அமெரிக்காவும் போகும் இந்திய விமானங்கள் தெற்கே வளைந்து போக வேண்டியதாயிற்று. இடையில் எரிபொருளுக்கு இறங்க வேண்டிய நிலைகூட வந்தது. டெல்லி வழியாக ஊருக்கு வந்துபோகும் நண்பர்கள் சிலர், "போன தடவையைவிட இந்தத் தடவை ரொம்ப நேரம் ஆச்சு" என்று சொன்னார்கள். காரணம் இதுதான். லண்டன் நகரவில்லை.

நாமெல்லாம் ஊரை விட்டு வந்தபோது ஒரு கணக்குப் போட்டோம். "என்ன, இத்தனை மணி நேரம்தானே, ஒன்று என்றால் வந்து நின்றுவிடலாம்." அந்தக் கணக்கை நம்பித்தான் அம்மா அனுப்பினாள், நாமும் கிளம்பினோம். ஆனால் அந்த மணிக்கணக்கு பூமி கொடுத்தது இல்லை. ஒரு அட்டவணை, ஒரு அனுமதி, இரண்டு அரசுகளின் நல்ல மனநிலை, சமயத்தில் ஒரு புயல் - இத்தனையும் சேர்ந்து கடனாகக் கொடுத்தது. எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்பார்கள். அதனால் ஊருக்குப் போகும் பயணத்தை "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும்போதெல்லாம், பெரிய கடியாரத்துக்குக் கீழே நின்ற அந்தக் காலை எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

அகர்தலாவிலிருந்து திரும்பிய அன்று மாடிக்குப் போனேன். மேஷோமோஷாய்க்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, படி இறங்குவதில்லை. "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார். "ஐம்பத்தைந்து நிமிடம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கோழிக்கறி கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். "அகர்தலா எவ்வளவு தூரம்னு கேட்டியே, அது வருஷத்துக்கு வருஷம் மாறும்மா" என்றேன். "என்னமோ சொல்றே. அதை விடு, நீ எப்ப வர்றே?" என்றாள்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.